கே வரிசையின் தவணை

ஹார்டன்ஷா டவுன் கால்பந்து கிளப்பின் மைதானத்தில், கால்வாய்ப் பக்க ஸ்டாண்டின் கே வரிசை பெவர்லி ஆஷ்வொர்த்துக்குச் சொந்தம். பட்டா சிட்டா எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த வரிசையில் அவளோடு உட்காரும் ஐந்து பேரும் அவளைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார்கள். ஒவ்வொரு ஏப்ரலும் அடுத்த சீசனுக்கு டிக்கெட் புதுப்பிக்கும் நாள் வந்தால், எல்லோரிடமும் படிவம் வாங்கி, விட்ட இடங்களைத் திட்டித் திட்டி நிரப்ப வைத்து, சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள்தான். ஒருத்தர் கெடுவைத் தவறவிட்டாலும் அந்த சீட் வெளியாளுக்குப் போய்விடும். வெளியாள் எப்படிப்பட்டவனோ, யார் கண்டது? கோல் விழுகிற நேரத்தில் போனை நோண்டுகிறவனாக இருக்கலாம். எதிர் அணிக்குக் கை தட்டுகிறவனாகவே இருந்து தொலைத்தால்? அதனால் கே வரிசை புதுப்பித்தால் மொத்தமாகத்தான் புதுப்பிக்கும்.

ஊரில் மற்றவர்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் புதுப்பிக்க ஆரம்பித்துப் பல வருஷமாகிவிட்டது. கே வரிசைக்கு அந்தத் தொல்லையும் இல்லை. கிளப்பின் செயலாளர் டெஸ்மண்ட் கெர்ஷா பெவர்லியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவன் கையில் படிவங்களைத் திணித்துவிட்டால் வேலை முடிந்தது. இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டுமே. பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கிறவளுக்கு வேறு எங்கே செல்வாக்கு இருந்தது?

அந்த ஏப்ரலில் டெஸ் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"பெவ், இந்த வருஷம் உன் வரிசையை மொத்தமா தவணையில சேர்த்து விட்ரு. வட்டி கிடையாது. பத்து மாசத்துல கட்டி முடிச்சிடலாம்."

"எதுக்குடா புதுசா? எப்பவும் போல ஒரே தடவையா கட்டிட்டுப் போறோம்."

"விலை ஏத்தியிருக்கோம்ல. எல்லாராலயும் முடியுமா? அது மட்டுமில்ல..." டெஸ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மொத்தமா வந்தா அந்த லாங்ஸ்டாஃப் மொத்தமா வாரிக்கிட்டுப் போயிடுவான். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வந்தா அவன் கைக்குச் சிக்காது. கிளப்பும் மூச்சு விடும்."

லாங்ஸ்டாஃப்தான் கிளப்பின் முதலாளி. வீடு கட்டி விற்கிறவர். கிளப்பை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அந்தக் காசுக்கு ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு டீ கூடக் கிடைக்காது. அவர் வந்த நாளிலிருந்தே ஊருக்கு அவரைக் கண்டால் ஆகாது. அவர் கைக்குச் சிக்காமல் கிளப்பைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது, அதைத் தம்பி அவளிடம் மட்டும் சொல்கிறான் என்றதும் பெவர்லிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நீயும் பந்து ஆடப் போறியாடி?" என்றான் அவள் கணவன் ராய், அவள் முகத்தைப் பார்த்து. பந்தயப் புறா வளர்க்கிறவன் அவன். பந்தின் பின்னால் ஓடுகிறவர்களும் சரி, அதைப் பார்க்கப் போகிறவர்களும் சரி, அவன் கணக்கில் ஒரே கூட்டம்தான்.

"நீ உன் புறாவுக்குத் தீனி போடு, போ," என்றாள் பெவர்லி.

மறுநாளே கிளம்பிவிட்டாள். பில்லிங் தம்பதியும் அவர்கள் மகளும் கேள்வியே கேட்கவில்லை. அந்த வீட்டில் கணவனும் மனைவியும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் பெவர்லி சொல்வதைக் கேட்பதுதான். டாக்சி ஓட்டும் ஷப்பீர், படிவத்தை ஸ்டீயரிங் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். "லாங்ஸ்டாஃபுக்கு அல்வா கொடுக்கறதுன்னா நான் ரெண்டு கையெழுத்துப் போடுறேன் பெவ்," என்றான்.

மல்லுக்கு நின்றவர் நார்மன் ஒருவர்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எண்பதை எட்டிக்கொண்டிருப்பவர். வருஷாவருஷம் முழுப் பணத்தையும் நோட்டாக உறையில் போட்டுக் கொடுப்பது அவர் வழக்கம்.

"இந்தா, இருக்கு. எடுத்துட்டுப் போ," என்று உறையை நீட்டினார்.

"இந்த வருஷம் நோட்டு வேண்டாம் நார்மன். தவணை போடுங்க."

"நான் யாருக்கும் கடன்பட்டதில்ல கண்ணு. டிவி பெட்டிகூட காசு சேர்த்துத்தான் வாங்கினேன். அதுக்குள்ள உலகக் கோப்பையே முடிஞ்சு போச்சு. பரவாயில்லன்னு இருந்தேன்."

"இது கடனா? பால்காரருக்கு வாராவாரம் கொடுக்கல நீங்க? அந்த மாதிரிதான்."

"கிளப் நடுவுல படுத்துடுச்சுன்னா?"

"படுத்தா கட்டறத நிறுத்திடுவோம். இல்லாத கிளப்புக்கு எவன் கட்டுவான்? நீங்க கொடுக்கற உறை நேரா லாங்ஸ்டாஃப் பையிலதான் போய் விழும். டெஸ்ஸே சொன்னான்."

நார்மன் உறையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "டெஸ் சொன்னா நான் யோசிப்பேன்," என்றார் கடைசியில். "நீ சொல்றே. கொண்டா பேனாவை."

பெவர்லியும் தன் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆறையும் சேர்த்து அடுத்த ஞாயிறு தம்பியிடம் கொடுத்தாள். அவன் அவற்றை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆப்பிள் கேக் கேட்டான்.

ஜூன் மாதம் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை என்று பேச்சு கிளம்பியது. கே வரிசை அசரவில்லை. வாளியும் தூரிகையுமாகப் போய் ஸ்டாண்டின் கம்பிகளுக்கு வண்ணம் அடித்தார்கள். பில்லிங் தம்பதி எந்தக் கம்பி யாருடையது என்று சண்டை போட்டார்கள். டெஸ் எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தான். வண்ணம் காய்வதற்குள் வரித்துறை, வரி பாக்கிக்காகக் கோர்ட்டுக்குப் போய்விட்டது. லாங்ஸ்டாஃபின் வக்கீல் கையில் காசில்லை என்று மஞ்சக் கடுதாசியை நீட்டிவிட்டார். கிளப்பை மூடச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போட்டது. அவர்கள் வண்ணம் அடித்த அதே கம்பிக் கதவில் யாரோ வந்து சங்கிலி மாட்டிவிட்டுப் போனார்கள்.

பெவர்லி அன்று கால்வாய்க் கரையில் நின்று அழுதாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்ற நினைப்புகூட இல்லாமல் அழுதாள். ஆனால் அழுகை முடிந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஐந்து பேருக்கும் போன் போட்டதுதான்.

"பேங்குக்குச் சொல்லித் தவணையை நிறுத்திடுங்க. இன்னிக்கே. அந்த ஆளுக்கு நம்ம காசு ஒத்தப் பைசா போகக் கூடாது."

முதல் தவணை ஜூலையில்தான் பிடிப்பதாக இருந்தது. பிடிப்பதற்குள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பெவர்லி தன் பேங்கில் கேட்டபோது இன்னும் எதுவும் வந்து சேரவில்லை, நிறுத்த ஒன்றும் இல்லை என்றார்கள்; நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டாள். சீசன் போனாலும் காசு மிஞ்சியது என்று ஷப்பீர் கே வரிசை முழுவதற்கும் மீனும் சிப்ஸும் வாங்கிக் கொடுத்தான். லாங்ஸ்டாஃபுக்குப் பட்டை நாமம் சாத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு, அந்தப் பாவப்பட்ட கூட்டம் வினிகர் வாசத்தோடு ஒரு மாலைப்பொழுது முழுக்கச் சிரித்தது.

நாமம் யார் நெற்றியில் என்று ஆகஸ்டில் தெரிந்தது. ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்றிலிருந்து ஐந்து பேருக்கும் போன் வர ஆரம்பித்தது. முதலில் மரியாதையாகக் கேட்டார்கள், பிறகு அபராதம் என்றார்கள், பிறகு வசூலுக்கு ஆள் வருவான் என்றார்கள். ஷப்பீர் டாக்சியை மாற்றக் கடன் கேட்டிருந்தான். தவணை கட்டாதவன் என்று பெயர் ஏறிவிட்டது, தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நார்மன் போன் மணி அடித்தாலே எழுந்து சமையலறைக்குள் போய் நின்றுகொள்வதாக மிஸஸ் பில்லிங் வந்து சொன்னாள்.

"உன்னை மட்டும் மறந்துட்டானுங்க போல," என்றான் ராய். "குடுத்து வச்சவ."

"எனக்கும் வரும். வரட்டும், நான் கேக்கறேன் நாலு கேள்வி," என்றாள்.

ஊரே கொதித்துப் போயிருந்ததால், கணக்கைத் தீர்க்கக் கோர்ட் நியமித்த பெண்மணி மான்செஸ்டரிலிருந்து சர்ச் ஹாலுக்கு வந்தார். சின்ன வயசுதான். பேச்சில் நெளிவு சுளிவு எதுவும் இல்லை.

"நீங்க கையெழுத்துப் போட்டது கிளப்போட இல்லீங்க. ஃபைனான்ஸ் கம்பெனியோட. அவங்க உங்க எல்லார் டிக்கெட் பணத்தையும் முழுசா ஏப்ரல்லயே கிளப்புக்குக் கொடுத்துட்டாங்க. நீங்க மாசாமாசம் கட்ட வேண்டியது அவங்களுக்கு. கிளப் இருந்தாலும் இல்லேன்னாலும் கட்டித்தான் ஆகணும்."

"அப்போ நாங்க மாசாமாசம் கட்டினா லாங்ஸ்டாஃப் கையில சிக்காதுன்னு சொன்னாங்களே?" என்றாள் பில்லிங்கின் மகள்.

"யாரு சொன்னாங்கன்னு தெரியல. பணம் மொத்தமாத்தான் வந்திருக்கு. வந்த வாரமே மொத்தமாப் போயிருக்கு. பாதிக்கு மேல முதலாளியோட இன்னொரு கம்பெனிக்கு."

"எங்க காசை யாருகிட்டக் கேக்கறது?"

"கிளப்புகிட்டக் கேக்கலாம். வரித்துறை, பேங்க் எல்லாம் எடுத்தது போக மிச்சம் இருந்தா. மிச்சம் இருக்கற மாதிரித் தெரியல."

அதற்குப் பிறகுதான் கூச்சல். கூச்சலின் நடுவே ஒருவன் எழுந்து, பின்வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த டெஸ்ஸை நோக்கிக் கையை நீட்டினான். "அந்தப் பணம் போறதுக்கு முதலாளியோட சேர்ந்து செயலாளரும் கையெழுத்துப் போடணும்ல? எங்கே, நம்ம செயலாளர் ஐயா வாயைத் திறக்கட்டும்!"

டெஸ் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "எனக்கு எதுவும் தெரியாது. போடச் சொன்ன இடத்துல போட்டேன். தவணை எப்படின்னு எனக்கு என்ன சொன்னாங்களோ அதைத்தான் உங்ககிட்ட சொன்னேன்." அவனை மேலே பேசவிடவில்லை. திருடன் என்று ஒரு குரல் வந்தது. இன்னொருவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான்.

பெவர்லி எழுந்தாள். முந்நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கும் குரல் அவளுடையது. ஹால் அடங்கியது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. டெஸ் கெர்ஷா என் தம்பி. அம்மா போனப்புறம் அவனுக்குச் சோறு போட்டது நான். அவனுக்கு இது தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருந்திருக்க மாட்டான். அவனையும் ஏமாத்தியிருக்காங்க, நம்ம எல்லாரையும் ஏமாத்தின மாதிரி. நானும் அதே காகிதத்துலதான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நானும் உங்களோடதான் மாட்டிக்கிட்டு நிக்கறேன். அவன் தெரியாதுன்னு சொன்னா அவனுக்குத் தெரியாது. இதுக்கு மேல எவனுக்காவது சந்தேகம் இருந்தா என் மூஞ்சியப் பாத்துக் கேளு."

நார்மன் தொப்பியைக் கையில் பிடித்தபடி, "பெவ் சொன்னா சரியா இருக்கும்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நாற்காலியைத் தள்ளியவன் உட்கார்ந்துகொண்டான். டெஸ் அக்காவை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கூச்சத்தில்தான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்தாள்.

மறுநாளே நார்மன் தவணை கட்ட ஆரம்பித்துவிட்டார், அபராதத்தோடு சேர்த்து. சங்கிலி போட்ட கதவுக்குப் பின்னால், மழையில் ஈரமாகிக் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு. அதைக் கேட்டு ஷப்பீருக்குக் கோபம் தாங்கவில்லை. டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் காசு வாங்காமல் சட்ட ஆலோசனை சொல்லும் இடம் ஒன்று இருந்தது. வியாழக்கிழமை அங்கே நேரம் வாங்கிவிட்டான்.

"எல்லாரும் சேர்ந்து போவோம் பெவ். ஆளாளுக்கு அந்தக் கம்பெனி கொடுத்த ஒப்பந்த நம்பரை எடுத்துட்டு வரணுமாம். உன்னோடதும் வேணும். நீதான் எங்களுக்காகப் பேசப்போற."

பெவர்லியிடம் நம்பர் இல்லை. அவளுக்கு எதுவுமே வந்திருக்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இடைவேளையில் ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள். பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் பேசியவள் ரொம்ப நேரம் தேடினாள்.

"உங்க பேர்ல எந்த ஒப்பந்தமும் இல்லீங்களே."

"நல்லாப் பாருங்கம்மா. ஹார்டன்ஷா டவுன். ஏப்ரல்ல கையெழுத்துப் போட்டேன்."

"பாத்துட்டேங்க. படிவமே வரல. நீங்க எங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்ல."

"தர வேண்டியதில்லைன்னா எப்படி? நான் தரணும்! என் வரிசைல எல்லாரும் தர்றாங்க!"

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. "தர மாட்டேன்னு சண்டை போடறவங்களத்தான் பாத்திருக்கேன். தரணும்னு சண்டை போடறதுல நீங்கதான் முதல் ஆள்," என்றாள் அவள். ஒரு படிவம் தொலைந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே பெவர்லி கையைத் துடைத்தாள். ஆனால் ஆறையும் ஒன்றாக மடித்தல்லவா டெஸ் பைக்குள் வைத்தான்? ஐந்து போய்ச் சேர்ந்தது. ஒன்று மட்டும், அதுவும் அவளுடையது மட்டும், எங்கே தொலையும்? அவள் சமையல் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பஸ் பிடித்தாள்.

டெஸ் வீட்டு முன்புறம் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் நிறுத்தினான்.

"என் படிவம் எங்கேடா?"

"என்ன படிவம்?"

"டேய். என்கிட்டக் காது குத்தாத. என் படிவம் எங்கே?"

அவன் வீட்டு ஜன்னலைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். பிறகு செருப்பு முனையால் வெட்டிய புல்லைத் தள்ளிக்கொண்டே சொன்னான். "கிழிச்சுப் போட்டுட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா என்ன ஏன்? நீ என் அக்கா."

பெவர்லி அங்கேயே நின்றாள். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு, தாழ்த்திய குரல், லாங்ஸ்டாஃப் கைக்குச் சிக்காது என்ற ரகசியம், எல்லாம். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ உனக்குத் தெரியும்."

"கொஞ்சம் தெரியும்."

"கொஞ்சம்னா?"

"கிளப் கோடைய தாண்டாதுன்னு தெரியும். பணம் மொத்தமா வரும்னு தெரியும். பெவ், எனக்குக் கிறிஸ்மஸ்லேர்ந்து சம்பளம் வரல. வீட்டுக் கடன் கட்டல. லாங்ஸ்டாஃப் சொன்னான், டிக்கெட் பணம் உள்ள வந்தா முதல்ல உன் பாக்கியத்தான் தீர்ப்பேன்னு."

"தீர்த்தானா?"

"ம்."

"எப்போ?"

"ஏப்ரல் கடைசில." அவன் குரல் சட்டென்று உயர்ந்தது. "நான் என்ன செய்யட்டும்? தெருவுல நிக்கட்டுமா? அந்தப் பணம் எப்படியும் போகத்தான் போகுது. எனக்கு வர வேண்டியதத்தான் நான் எடுத்தேன்."

"நார்மன்கிட்டேர்ந்து எடுத்தியா? போன் மணி அடிச்சா அந்த மனுஷன் போய் ஒளிஞ்சுக்கறாருடா. உறைல காசை வச்சுக்கிட்டுக் கொடுக்கறேன் கொடுக்கறேன்னு நின்னவரு. நான்தான் அதை உள்ள வைக்கச் சொல்லி, பேனாவைக் கையில கொடுத்தேன்."

டெஸ் குனிந்து இயந்திரத்தில் சிக்கியிருந்த புல்லைப் பிடுங்கினான்.

"அவங்ககிட்ட நீயே போய்க் கேட்டிருக்கலாமே. எதுக்குடா என்னை அனுப்பினே?"

"நான் கேட்டா போட்டிருப்பாங்களா?" என்றான் அவன், அலுப்போடு, ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வது போல. "செயலாளர் சொன்னா எவன் நம்புவான்? நீ சொன்னா போடுவாங்க. கே வரிசை போட்டுடுச்சுன்னா அந்த ஸ்டாண்டே போடும். போட்டுச்சுல்ல?"

போட்டது. உண்மைதான். அந்த வசந்தத்தில் எத்தனை பேர் ஸ்டாண்டுக்குக் கீழே டீ வரிசையில் நின்று, "நீ போட்டுட்டியா பெவ்?" என்று அவளைக் கேட்டார்கள். எத்தனை பேரிடம் அவள் போட்டாச்சு, போட்டாச்சு என்று சொன்னாள்.

"உன்னை நான் மாட்டிவிடல பெவ். அதை மட்டும் நினைச்சுப் பாரு. உன் காசு உன்கிட்ட பத்திரமா இருக்கு."

"நீ என்னையும் சேர்த்து ஏமாத்தியிருந்தா தேவலடா," என்றாள் பெவர்லி. அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எல்லாரோடவும் சேர்ந்து நானும் ஏமாந்தவன்னு தலை நிமிர்ந்து நின்னிருப்பேன். அந்த ஹால்ல எல்லார் முன்னாலயும் நானும் மாட்டிக்கிட்டேன்னு சொன்னேனே. நீ சுவரோரமா உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே."

"திறந்திருந்தா என்னைக் கொன்னு போட்டிருப்பாங்க."

"போட்டிருக்கட்டும்," என்றாள் அவள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று ஊரில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். தன் கழுத்து அறுபட்டிருந்தால் அவள் ஒருவேளை மன்னித்திருப்பாள். அவள் வாயை வைத்தல்லவா அவன் மற்றவர்கள் கழுத்தை அறுத்தான். அவள் திரும்பி நடந்தாள். பின்னால் டெஸ், "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். சின்ன வயசுக்குப் பிறகு அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ராய்கூடக் கிண்டல் செய்யவில்லை. "சொல்லாத," என்றான். "நம்பர் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"உன்னைத்தான் சந்தேகப்படுவாங்க. ஆறுல அஞ்சு மாட்டிச்சு, ஒண்ணு மட்டும் தப்பிச்சுதுன்னா எவன் நம்புவான்?"

"நார்மன் நம்புவாரு," என்றாள் பெவர்லி.

வியாழக்கிழமை வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நேராக நார்மன் வீட்டுக்குப் போனாள். அவர் உள்ளே கூப்பிட்டார், கெட்டிலைப் போடப் போனார். அவள் வேண்டாம் என்று கூடத்திலேயே நின்றுகொண்டு, எதையும் மறைக்காமல் சொன்னாள். டெஸ்ஸின் சம்பளப் பாக்கி, கிழித்த படிவம், தன் பெயரில் கடன் இல்லாதது, எல்லாம். அவள் சொல்லி முடித்ததும் நார்மன் வாசல் பக்கம் மெதுவாக நடந்தார். அவளும் அவர் பின்னால் போனாள்.

"உங்க தவணை முழுசையும் நான் கட்டிடறேன் நார்மன். எனக்கு மிஞ்சின காசு இருக்கு. மீதியையும் எப்படியாவது புரட்டிடுவேன். எல்லாருக்கும் கட்டறேன்."

"வேண்டாம். என் பேர்ல இருக்கிற கடன். நானே கட்டிக்கறேன்." கடன் என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் லேசாகத் தடுமாறியது. பிறகு கேட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு ஹால்ல நீ எழுந்து நின்னு பேசினியே. அப்போ உனக்கு இது தெரியுமா, தெரியாதா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது நார்மன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டவர், ஹாலில் எல்லோருக்கும் முன்னால் அவளுக்காகப் பேசியவர். இந்த முறையும் அந்த முகத்தில் எதையோ தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. நார்மன் நம்புவார் என்று அவள் ராயிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"உன் தம்பியும் அன்னிக்கு இதையேதான் சொன்னான் கண்ணு," என்றார் நார்மன். "அவன் தெரியாதுன்னு சொன்னா அவனுக்குத் தெரியாதுன்னு நீதான் சொன்னே."

கோபமாகச் சொல்லவில்லை. வெளிப்படி ஈரமாக இருக்கிறது, பார்த்து இறங்கு என்றும் சொன்னார். அவள் இறங்கும் வரை காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.